ஒட்டியாணத்துக்கு அளவு நின்றவள்

எங்கள் வீட்டில் புது நகையை முதலில் போட்டுப் பார்க்கும் ஆள் நான்தான். அந்த நகைகளில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை.

அப்பா காரைக்குடியில் நகை செய்பவர். ஊரில் பத்தர் என்பார்கள். வீட்டின் முன்கட்டுதான் பட்டறை. சுற்று ஊர்களின் செட்டியார் வீடுகளிலிருந்து கல்யாண நகைகளுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அப்பா போய்ப் பெண்ணின் கழுத்தளவு, இடுப்பளவுக்கு நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவார். நூல் சுற்றளவை மட்டும்தான் சொல்லும். செய்த நகை உடம்பில் எப்படி உட்காரும் என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க ஓர் உடம்பு வேண்டும், அந்த உடம்பு நான். அறுபதுகளில், நான் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படித்தபோதே இந்த வேலை தொடங்கிவிட்டது. அப்போது கழுத்து நகைகளுக்கு மட்டும்தான், ஒட்டியாணத்துக்கு நின்றது வளர்ந்த பிறகு.

பட்டறையில் ஒரு பலகை மணை உண்டு. அப்பா வேலையை முடித்ததும், "ஆத்தா, இங்குட்டு வா, வந்து நில்லு" என்பார். நான் மணைமேல் ஏறி, கைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அவர் நகையைப் பூட்டிவிட்டுப் பின்னால் நாலடி நகர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கோணல் தெரிந்தால் கழற்றி, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி பூட்டுவார். எனக்குக் கால் கடுக்கும். இறங்க மட்டும் மனசே வராது. அடுத்த மாதம் யாரோ ஒரு மணப்பெண் போட்டுக்கொள்ளப் போவதை நான் இப்போதே போட்டிருக்கிறேன் என்ற மிதப்பு.

இதை வெளியே மூச்சுவிடக் கூடாது. தன் மகளுக்கு முன்னால் வேறொருத்தி போட்ட நகையைத் தெரிந்தே எந்த வீட்டிலும் வாங்கமாட்டார்கள். அதனால் தெருக்கதவைச் சாத்திவிட்டுத்தான் எல்லாம். எதைக் கேட்டாலும் ஏன், எதற்கு என்று துளைக்கிற, தெரிந்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடுகிற பிள்ளை நான். இந்த ஒரு ரகசியத்தை மட்டும் எப்படி வயிற்றுக்குள் வைத்திருந்தேன் என்று இன்றும் புரியவில்லை.

எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும்போது ஒட்டியாணங்கள் வரிசையாகக் கோணத் தொடங்கின.

ஒட்டியாணம் என்பது சிறு சிறு தகடுகளைக் கீல் வைத்துக் கோத்தது. முன்னால் ஒரு முகப்பு, அதைப் பூட்ட ஒரு திருகாணி. என் இடுப்புக்குப் பெரிதாக இருந்தால் உள்ளே துணி மடித்து வைத்துப் பூட்டுவார். எனக்குப் பூட்டினால் முகப்பு தொப்புளுக்கு நேராக நிற்காமல் வலது பக்கம் ஏறி நின்றது. அப்பா கழற்றினார். கீல்களைத் தேய்த்தார். மறுபடி பூட்டினார். வலது பக்கக் கீல்களை ஒரு மயிரிழை அதிகம் தேய்த்ததும் நேராக நின்றது. "கை கொஞ்சம் தப்பிருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த ஒட்டியாணத்துக்கும் அதே கதை. இந்த முறை இன்னும் கொஞ்சம் அதிகம் தேய்க்க வேண்டியிருந்தது. அன்று அப்பா சாப்பிடாமல் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா, "ஏங்க, சோறு ஆறுதுல்ல, எதுக்கு இப்படி உக்காந்துருக்கீக?" என்று கேட்டதற்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். மாற்றவும் செய்தார்.

அதே சமயத்தில் அம்மா தினம் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். "பாவாடையை ஒழுங்காக் கட்டுடின்னா ஒரு பக்கம் தரையக் கூட்டுது, ஒரு பக்கம் கணுக்காலுக்கு ஏறி நிக்குது." பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா, "ஒரு தோளைத் தூக்கிக்கிட்டு நிக்காதே, என்ன திமிரா?" என்றாள். பாவாடையை ஒழுங்காகத்தான் கட்டினேன். திமிரும் இருந்தது, ஆனால் அது தோளில் இல்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒட்டியாணத்தின் மேல் அப்பாவுக்குச் சந்தேகம், பாவாடையின் மேல் அம்மாவுக்கு, என் மேல் வாத்தியாரம்மாவுக்கு. மூன்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மூன்றாவது ஒட்டியாணம் தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டுக்கு. எழுபதுகளின் தொடக்கம். கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார். "ஒட்டியாணம் கோணலா நிக்குதாம். ஆச்சி உங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாக."

இருபது வருஷத் தொழிலில் அப்பாவின் நகை எதுவும் திரும்பி வந்ததில்லை. அவர் முகம் செத்துவிட்டது. வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பியவர், வாசலில் நின்று யோசித்து, "நீயும் வாத்தா" என்றார்.  ஆள் முன்னால் போய்விட்டார். நாங்கள் பஸ் பிடித்தோம். எனக்கோ தேவகோட்டைக்குப் போகிற குஷி. அப்பா வழிநெடுகத் தன் கட்டைவிரலை மற்ற விரல்களில் தேய்த்துக்கொண்டே வந்தார்.

அந்த வீட்டு ஆச்சி மணப்பெண்ணின் அம்மா. நாற்பது வயதுக்குள் இருக்கும், கண்டாங்கிச் சேலை, பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும் முகம். வளவு என்கிற உள்முற்றத்தில் பெண்களெல்லாம் கூடியிருந்தார்கள். மணப்பெண் ஒட்டியாணத்தைப் பூட்டிக்கொண்டு நின்றாள். முகப்பு இடது பக்கம் நன்றாகவே ஏறியிருந்தது. மறைக்க முடியாத கோணல்.

"என்ன பத்தரே, இப்படிப் பண்ணிட்டீக? உங்க கையாலயா இது?"

அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ, பொசுக்கென்று சொல்லிவிட்டார். "ஆச்சி, என் மக இடுப்புல நூல் பிடிச்ச மாதிரி நேரா நின்னுச்சு. அதுக்குப் பெறகுதான் கொண்டாந்தேன்."

 நான் தரையைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் கட்டிக்காத்த ரகசியத்தை அவரே போட்டு உடைத்துவிட்டார்.

"எம் மக நகையை உங்க மக போட்டுப் பாத்துச்சா?" ஆச்சியின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா கையைக் கூப்பிக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். ஆச்சி அதைக் கேட்கவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "சரி, பொழங்கியாச்சு. இப்ப இங்கேயே பூட்டிக் காட்டுங்க, எப்படி நேரா நிக்குதுன்னு நானும் பாக்குறேன்" என்றாள்.

எனக்குப் பூட்டினார்கள். நேராக நின்றது. மணப்பெண்ணுக்குப் பூட்டினார்கள். கோணியது. மறுபடி எனக்கு, மறுபடி அவளுக்கு. பெண்கள் எல்லாருக்கும் கோபம் போய் வேடிக்கை வந்துவிட்டது. ஒருத்தி தரை சமமில்லை என்றாள். இன்னொருத்தி எங்களை இடம் மாற்றி நிற்கச் சொன்னாள். நான்கூட என் பங்குக்கு, "அக்கா மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குறாக" என்று ஒரு குற்றம் கண்டுபிடித்துச் சொன்னேன்.

அப்போதுதான் திருகாணி நழுவிக் கீழே விழுந்தது. உருண்டு ஓடியதை நான் குனிந்து தேடினேன். ஆச்சி எனக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"பிள்ளை, நிமிராத. அப்படியே இரு."

என் தாவணியை ஒதுக்கி முதுகில் கை வைத்தாள். வலது பக்கம் வைத்தாள், இடது பக்கம் வைத்தாள். பிறகு சொன்னாள்: "பத்தரே, ஒட்டியாணத்தைப் பேசி என்ன செய்ய? இங்குட்டு வந்து இந்தப் பிள்ளை முதுகப் பாருங்க. ஒரு பக்கம் மேடு தட்டிருக்கு."

அப்பா சிரிக்க முயன்றார். "வளர்ற பிள்ளை ஆச்சி, நிக்கிறதுல ஏதாச்சும்..." என்றபடி வந்தார். இழுத்து முடித்த கம்பியில் நெளிவு இருக்கிறதா என்று பார்க்க, அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் கட்டைவிரலை ஓட்டுவார். அதே விரலை என் பிடரியில் வைத்துக் கீழே ஓட்டினார். விரல் வலது பக்கம் போனது, இடுப்புக்கு வரும்போது இடது பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு அந்த விரல் நகரவில்லை. 

ஒன்றரை வருஷமாகக் கோணியது நான். அவர் நகையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அன்று ஆச்சி எங்களைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். அப்பா அங்கேயே மணப்பெண்ணை நிற்க வைத்து, எதையெல்லாம் தேய்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டார். இரண்டு நாளில் சரிசெய்து கொடுத்துவிட்டார். கொடுக்கப் போனபோது ஆச்சி மதராஸில் இருக்கும் தன் தம்பிக்கு, எங்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க உதவச் சொல்லி, ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாளாம். "மீதி நகை பிந்துறதால எம் மக கல்யாணம் நிக்காது. நீங்க நகையெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு, பிள்ளைய முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்றாளாம். எனக்கு அந்த ஆச்சியை நினைத்தால் இப்போதும் கண் கலங்கும். கோபப்பட எல்லா நியாயமும் இருந்தும் குனிந்த முதுகைக் கவனித்தவள் அவள்.

மதராஸில் டாக்டர் என் முதுகைப் படம் எடுத்து, வெளிச்சப் பலகையில் மாட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். என் முதுகெலும்பு வைகை ஆற்றை வரைபடத்தில் போட்டதுபோல வளைந்து கிடந்தது. டாக்டர் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, நடுவில் ஒரு கோணமானியை வைத்தார். என் ஜியோமெட்ரிப் பெட்டியில் இருக்கிறதே, அதே கருவி. இதற்காகத்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அறுபது பாகைக்கு வந்துவிட்டது என்றார். வளர வளர இன்னும் வளையும், பிறகு நுரையீரலுக்கு இடம் இருக்காது என்றார்.

"நேராக்க ஒரு வழி இருக்கு. முதுகெலும்புக்குப் பக்கத்துல ஒரு கம்பி வைக்கணும். இங்க கொஞ்ச நாளாத்தான் பண்றோம்." பிறகு, "ஒண்ணு சொல்லிடணும். தண்டுவடம் பக்கத்துலயே ஓடுது. நேராக்கும்போது அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா கால் ரெண்டும் வராமப் போகலாம். அபூர்வம்தான், ஆனா சொல்லாம இருக்க முடியாது" என்றார்.

அம்மா அழத் தொடங்கினாள். அப்பா அழவில்லை. அவர் கேட்டது இதுதான்: "டாக்டரய்யா, அந்தக் கம்பிய நான் பாக்கலாமா?"

அந்தக் கேள்வியை நான் கேட்க வாயெடுத்திருந்தேன். முந்திக்கொண்டார்.

டாக்டருக்கு அது பிடித்துவிட்டது போலிருக்கிறது. மறுநாள் ஒரு துணியில் சுற்றி எடுத்துவந்து, என் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்ற அப்பாவின் கையில் கொடுத்தார். பென்சில் கனம்கூட இல்லாத ஒரு வெள்ளைக் கம்பி என்று அப்பா பிற்பாடு சொன்னார். ஒரு முனையில் படிப்படியாக வெட்டு. கூடவே இரண்டு கொக்கிகள். ஒரு கொக்கி வளைவுக்கு மேலே ஓர் எலும்பில் மாட்டும், மற்றது கீழே. நடுவில் கம்பி. வெட்டுகளில் கொக்கியை ஒவ்வொரு படியாக ஏற்றினால் இரண்டு முனையும் விலகும், நடுவில் இருக்கும் வளைவு நிமிரும். லாரிக்குப் போடும் ஜாக்கி மாதிரி என்றார் டாக்டர்.

அப்பா கம்பியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். நகத்தால் கீறினார். மோந்து பார்த்தார். நாக்கில் வைக்கப் போனவரை நர்ஸ் பதறித் தடுத்தாள். "இது என்ன உலோகம்?" "துருப்பிடிக்காத எஃகு. உங்க வீட்டு எவர்சில்வர் டம்ளருக்குச் சொந்தக்காரன்னு வச்சுக்கங்க. இன்னும் சுத்தமானது." "உடம்பு இதைத் தின்னுறாதா?" "தின்னாது." "இதுக்குத் தங்கம் ஆகாதா டாக்டரய்யா? நானே செஞ்சு தந்துருவேன். என்ன அளவு வேணும்னாலும் தருவேன்."

அந்த ஒரு நொடி அவர் நகை செய்பவராக இல்லை. தங்கத்தின் குணம் அவரைவிட யாருக்குத் தெரியும்? டாக்டர் பதில் சொல்வதற்குள் தானே தலையை ஆட்டிக்கொண்டார். "ஆகாது. வளைஞ்சுரும்."

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசியதைக் கட்டிலில் படுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் உடம்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே மறந்துபோனது. வளைந்த கம்பியை ஒரே இழுப்பில் நிமிர்த்தினால் விரிசல் விடும், சூடு காட்டி இளக்கிக்கொள்ள வேண்டும் என்றார் அப்பா. அதனால்தான் முதலில் இரண்டு வாரம் தலையிலும் காலிலும் கல் கட்டித் தொங்கவிட்டு இழுக்கப் போகிறோம் என்றார் டாக்டர். கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்றார் அப்பா. கம்பி ரொம்ப நாள் தாங்காது, எந்த உலோகமும் அசைந்துகொண்டே இருந்தால் ஒருநாள் முறியும், அதனால் இடுப்பெலும்பிலிருந்து சீவல் சீவலாக எடுத்து முதுகெலும்பின்மேல் பரப்புவோம், ஆறேழு மாதத்தில் அதெல்லாம் ஒட்டி ஒரே எலும்பாகிவிடும், அப்புறம் தாங்குவது எலும்புதான் என்றார் டாக்டர்.

அப்பாவின் முகம் அப்போதுதான் தெளிந்தது. தங்கத் துண்டுகளை ஒட்டவைக்கும்போது பட்டறையில் இதைத்தான் செய்வார். துண்டுகளை மெல்லிய இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டி, இடையில் பற்றாசு என்ற ஒட்டுப்பொடியை வைத்து, ஊதுகுழலால் ஊதுவார். பற்றாசு உருகி ஓடிப் பிடித்துக்கொள்ளும்வரைதான் கட்டுக்கம்பிக்கு வேலை. "அப்ப எலும்புதான் பற்றாசு. இது கட்டுக்கம்பி" என்றார். டாக்டர் ஆமாம் என்றார். "ஒட்டுனதும் கட்டுக்கம்பியப் பிரிச்சு எடுத்துருவீகள்ல?" "இல்லை. உள்ளேயே இருக்கட்டும்னு விட்டுருவோம்."

அப்பாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நல்ல வேலையில் கட்டுக்கம்பியின் தடம்கூடத் தெரியக் கூடாது என்பது அவர் கொள்கை. கம்பியைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுக்கும்போது, "பதமாப் பாத்துப் பண்ணுங்கய்யா, நான் ஒன்றரை வருஷம் கண்ணு தெரியாம இருந்துட்டேன்" என்றார். அப்போது அழுதார். ஆஸ்பத்திரியில் அத்தனை பேருக்கு முன்னால், தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அப்பா அழுது அதற்கு முன் பார்த்ததில்லை. "நானும் பாவாடையத்தான திட்டிக்கிட்டுக் கெடந்தேன்" என்று அம்மா சொன்னாள். அவர்களைத் தேற்ற வேண்டிய வயது எனக்கு இல்லை, ஆனாலும் எதையாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "அந்தக் கம்பிய எனக்கும் காட்டச் சொல்லுங்க, நீங்க மட்டும் பாத்தா எப்படி?" என்றேன். அதற்குள் நர்ஸ் எடுத்துப் போய்விட்டாள்.

ஆப்பரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது யாரோ என் காலடியில் நின்று, "கட்டைவிரலை ஆட்டும்மா, ஆட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. முதுகைக் கிழித்தவர்களுக்குக் கால்விரல் எதற்கு? கால்கள் வராமல் போகலாம் என்று சொன்னது அந்த நேரத்தில் எனக்கு நினைவிலேயே இல்லை. எரிச்சலில் இரண்டு காலையும் சேர்த்து உதைத்தேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்கு வெளியே காலையிலிருந்து நின்ற அப்பாவிடம் போய் நர்ஸ் சொன்னாளாம், "உங்க பொண்ணு என்னை உதைச்சுட்டா" என்று. அப்பா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. அதோடு காரைக்குடிக்கு வந்து ஏழு மாதம் படுக்கை. வெயில் காலத்தில் அதற்குள் அரிக்கும் பாருங்கள், அதைச் சொல்லி மாளாது. அப்பா பித்தளையில் நீளமாக, மெல்லியதாக, முனையை நன்றாக மழுக்கி ஒரு சொறிகோல் செய்து தந்தார். அவர் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த நகை அதுதான்.

அந்த ஏழு மாதமும் தெருவே வந்து என்னைப் பார்த்தது. என்னை என்று சொல்வது தப்பு, என் படத்தைப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த எக்ஸ்ரே படத்தை அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். வருகிறவர்கள், "அடி ஆத்தி, கொக்கியெல்லாம் தெரியுதே" என்று வாயைப் பிளப்பார்கள். சாக்கோட்டையிலிருந்து வந்த ஒரு மாமா, இடி மின்னல் சமயத்தில் வெளியே விடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டுப் போனார். எனக்கு அந்தப் படம் போதவில்லை. டாக்டர் பார்த்திருக்கிறார், நர்ஸ் பார்த்திருக்கிறாள், அப்பா கையில் வைத்து எடையே பார்த்திருக்கிறார். அது யாருடைய முதுகில் இருக்கிறதோ அவள் மட்டும் நேரில் பார்க்கவில்லை. இது என்ன நியாயம் என்று கேட்டு அம்மாவின் உயிரை எடுத்தேன்.

கட்டைப் பிரித்ததும் பள்ளிக்கூடம் போனேன். முதல் வாரமே என் தோழிகள் ஆய்வுக்கூடத்திலிருந்து குதிரைலாடக் காந்தம் ஒன்றைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி முதுகில் ஒட்டவைத்துக் கையை எடுத்தார்கள். காந்தம் பொத்தென்று விழுந்தது. மேலே வைத்தார்கள், கீழே வைத்தார்கள், எங்கும் ஒட்டவில்லை. "உள்ள ஒண்ணுமே இல்லடி, உங்கள ஏமாத்திப்புட்டாக" என்றாள் ஒருத்தி. எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் துள்ளி எழுந்தார். பட்டறைக் காந்தத்தை எடுத்து வீட்டிலிருந்த எவர்சில்வர் பாத்திரங்களில் எல்லாம் வைத்துப் பார்த்தார். இரண்டில் ஒட்டியது, மற்றதில் ஒட்டவில்லை. "நல்ல சரக்குல ஒட்டாது போல ஆத்தா. டாக்டர் சுத்தமானதுன்னு சொன்னாருல்ல" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய களை வந்தது.

ஆனால் ஒன்று மட்டும் திரும்பவில்லை. அப்பா என்னை மணையில் ஏற்றவே இல்லை.

நகைகள் வந்தன, போயின. அவரே மணப்பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பூட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பட்டறைக் கதவைச் சாத்தும் வழக்கம் நின்றுபோனது. அது தொழிலுக்கு நல்லதுதான், எனக்குப் புரிந்தது. இருந்தாலும், இனி நான் அளவுக்கு ஆகாதவள் என்று அவர் முடிவு கட்டிவிட்டாரோ என்று உள்ளுக்குள் அறுத்தது. கால் பிழைத்தது, நுரையீரல் பிழைத்தது, நான் அந்த மணைக்காக ஏங்கினேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், அவர் வேலையில் இருக்கும்போதே போய் மணைமேல் ஏறி, கைகளைத் தொங்கவிட்டுக் காலண்டரைப் பார்த்தபடி நின்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கையில் யாருக்கோ செய்த ஒட்டியாணம் இருந்தது. அதை எனக்குப் பூட்டாமல் கீழே வைத்துவிட்டு ஒரு நூலை எடுத்தார். நுனியில் ஈயக்குண்டு கட்டி என் பிடரியிலிருந்து தொங்கவிட்டார். இடுப்பின் நடுவிலிருந்து அரை விரல்கடை விலகி நின்றது நூல். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், முழுக்க நேராகாது, முப்பது பாகை மிச்சம் இருக்கும் என்று.

"இன்னும் கோணல்தானா?" என்றேன்.

"கொஞ்சம் இருக்கு."

"அப்ப நான் இனிமே அளவுக்கு ஆகமாட்டேனா?"

அப்பா நூலில் ஒரு முடிச்சுப் போட்டார். இடுப்பைச் சுற்றி அளந்து இன்னொரு முடிச்சு. வலது பக்கம் தனியாக ஒன்று, இடது பக்கம் தனியாக ஒன்று. எந்த மணப்பெண்ணின் அளவு நூலிலும் அப்படிப் பக்கத்துக்கு ஒரு முடிச்சை நான் பார்த்ததில்லை. "அடுத்தவுகளுக்கு நீ எதுக்கு அளவு நிக்கணும்? இது உனக்கு" என்றார்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா முதல் வேலையாக எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இரண்டு வீட்டார் காபியோடு போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கொக்கி எப்படி எலும்பைப் பிடிக்குது?" என்று கேட்டார். அப்பா அவரைப் பட்டறைக்குள் கூட்டிப்போய்க் காகிதத்தில் வரைந்து காட்டினார். இரண்டு பேரும் திரும்பி வர ஒரு மணி நேரமாயிற்று. அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு அப்பா எனக்கு வெள்ளியில் ஒட்டியாணம் செய்து தங்க முலாம் பூசித் தந்தார். வலது பக்கக் கீல்கள் தேய்ந்தும் இடது பக்கத் தகடுகள் சற்றுப் பெரிதாகவும் இருக்கும். தரையில் வைத்தால் சாய்ந்து நிற்கும். என் இடுப்பில் நூல் பிடித்ததுபோல நேராக நின்றது. அந்த மூன்று ஒட்டியாணங்களில் தெரியாமல் செய்த தப்பை, என்னுடையதில் தெரிந்தே செய்திருந்தார். பெரியவர்கள் காலில் விழுந்தபோது இடுப்பு வளையாமல் மண்டியிட்டுத்தான் விழ முடிந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ முணுமுணுத்தார்கள். "முதுகுல கம்பி இருக்கு, அப்படித்தான் விழும்" என்று என் வீட்டுக்காரரே சத்தமாகச் சொல்லிவிட்டார்.

இந்த வளைவு சில குடும்பங்களில் அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் வயிற்றுக்குள் வைத்துக்கொண்ட இரண்டாவது ரகசியம் அது. என் மகளுக்குப் பன்னிரண்டு முடிந்த அன்று, பீரோவிலிருந்து ஒட்டியாணத்தை எடுத்து, ஒரு மணையைப் போட்டு, "ஏறி நில்லு" என்றேன். எதற்கு, ஏன் என்று ஆயிரம் கேள்வி கேட்டாள். என் பிள்ளை அல்லவா. பூட்டிவிட்டு நாலடி பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

ஒட்டியாணம், அன்று தேவகோட்டை மணப்பெண்ணின் இடுப்பில் நின்றதுபோலவே, இடது பக்கம் நன்றாக ஏறி, கோணலாக நின்றது.

"அம்மா, இது சரியாவே நிக்கல" என்றாள் அவள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.